இரண்டு லிட்டர்

சிச்சிகால்பாவில் அறுவடை தொடங்கிவிட்டது.
கரும்புத் தோகை எரித்த சாம்பல்
கொடியில் காயும் துணிகள்மேல் இறங்குகிறது.
சன்னலைச் சாத்துகிறேன். இடுக்கில் ஈரத்துணி.
முழங்கைவரை சோப்பு, மனசுக்குள் நூறு எண்ணி.
பிறகு முகமூடி.
பிறகு, எலிசேயோ, சட்டையைத் தூக்கு.

கூரைக் கட்டையில் அடித்த ஆணியில்
பை தொங்குகிறது.
வெதுவெதுப்பாய் இரண்டு லிட்டர்
உன் வயிற்றுக் குழாய்க்குள் இறங்குகிறது.
நீ தகரத்தைப் பார்த்தபடி
ஒன்பது ஓட்டை, மழைக்கு முன்னே அடைக்கணும் என்கிறாய்.
பதினொன்று என்கிறேன்.

பைக்குள் என்ன என்று முதல்நாள் கேட்டேன்.
தண்ணீர், உப்பு, சர்க்கரை என்றாள் நர்ஸ் ஒட்டிலியா.
சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.
பதினேழு அறுவடை நீ வெட்டியது அதைத்தானே.
அந்த வெயிலில்தானே
உன் சிறுநீர் கோலா நிறத்தில் போனது.
அவள் கோபப்படவில்லை.
இது கரும்பில்லை, சோளத்தில் எடுப்பது என்றாள்,
அதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோல்.

மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டாள்.
குடலைப் போர்த்திய சவ்வு.
அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் சர்க்கரை நீர்.
சவ்வு முழுக்கச் செல்கள்,
ஒவ்வொரு செல்லுக்கும் அதனதன் சவ்வு:
இரண்டு வரிசைக் கொழுப்பு,
வாலோடு வால் ஒட்டி, தலை மட்டும் ஈரத்தில்.
தண்ணீருக்கென்று அதில் தனி வாசல்,
ஒற்றையாள் நுழையும் அகலம்.
உப்பு அங்கே வந்து நின்றால் வழி கிடையாது.
சர்க்கரை செறிந்த பக்கம் தண்ணீர் போகும்,
யாரும் தள்ள வேண்டாம் என்றாள்.
யாரும் தள்ளாமல் இந்த ஊரில் நடப்பது
அது ஒன்றுதான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்துவிடுகிறேன்.
வடிந்த பையைப் பழைய செய்தித்தாள்மேல் வைக்கிறேன்.
எழுத்து தெரிந்தால் நல்லது,
மங்கினால் பேருந்து பிடித்து லியோன்.
இன்று ஒரு சவப்பெட்டிக் கடை விளம்பரம்,
தொலைபேசி எண் உட்பட அத்தனையும் தெளிவு.
மீன் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன்:
உள்ளே 2000. வெளியே 2550.
ஐந்நூற்றைம்பது நம் பக்கம்.

வாழைப்பழம் வீட்டுக்குள் வருவதில்லை.
பீன்ஸை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைக்கிறேன்.
பொட்டாசியம் செல்லுக்குள் இருக்க வேண்டியது,
சோடியம் வெளியே.
மூன்றைத் துரத்தி இரண்டை இழுக்கும்
ஒரு பம்ப் சவ்வில் உட்கார்ந்திருக்கிறதாம்,
சம்பள நாள், ஞாயிறு எதுவும் அதற்குத் தெரியாதாம்.
ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கினால்
இதயம் தாளம் மறக்கும்.
ராத்திரி உன் விலாவில் கை வைத்துப் படுக்கிறேன்.
எண்ணுவதில்லை.
எண்ணுவதில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் 2550 வரவில்லை.
2200. பிறகு 2050. ஒருநாள் 1900,
உன்னிடம் கொடுத்ததில் உடம்பே நூறு வைத்துக்கொண்டது.
காலில் விரல் அழுத்தினால் குழி நின்றது.
ஒட்டிலியா இன்னும் கெட்டியான சர்க்கரைப் பை தந்தாள்.
வருஷக்கணக்கில் சர்க்கரை படப்பட
சவ்வு தடிக்கும், வாசல்கள் தளரும் என்றாள்.
அப்புறம்?
அப்புறம் பார்க்கலாம் அம்மா.
இன்றைய 2550 அந்தக் கெட்டிப் பை இழுத்தது.

மாலையில் யாடெர் வந்தான்,
சாம்பல் படிந்த புருவம், பல் முழுக்கச் சிரிப்பு.
ஆலைக்காரர் வேலைக்கு எடுக்கும் முன்
ரத்தம் பார்க்கிறார்கள்.
கிரியேட்டினின் 0.9.
தேறிவிட்டேன் என்று சீட்டை நீட்டினான்.
இன்னொரு கையில் புதுக் கத்தி,
பிடியில் கடைத்தாள்கூடப் பிரிக்கவில்லை.

நீ ஒன்றும் சொல்லவில்லை.
கத்தியை வாங்கி, கட்டைவிரலால் விளிம்பு பார்த்து,
திருப்பித் தந்தாய்.
நிழல் கண்டால் உட்காரு என்றாய்.
அங்கே நிழல் கிடையாது. உனக்குத் தெரியும்.

அவனுக்கு இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன்.
உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை மூன்று கரண்டி,
கை தானாய்ச் செய்தது.
உன் ஏழு மணிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு
நோட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன்,
‘வெளியே’ என்ற பத்தியில்
என் கையெழுத்தில்
0.9.